குடும்பிமலை வீதியில் ஒரு மருத்துவமாது

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலம். கிரானிலிருந்து குடும்பிமலைக்குப் போகும் கிரவல் வீதியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஒருவரும் அவருக்குத் துணையாக நானும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். அவருக்குத் தடித்த கண்ணாடி, வெயிலில் கறுத்த கைகள். ஓரத்தில் மிதிவெடி இருக்கலாமென்று உழவு இயந்திரத் தடத்தை விட்டு அவர் விலகவே மாட்டார். வழியில் யானை நின்றது.

"திரும்புவம் மிஸி" என்றேன்.

"அங்க ஒரு பொம்புளைக்கு நோக்காடு தம்பி. ஆன போகட்டும், நிப்பம்."

"பயமில்லையா?"

"பயம்தான். சுனாமியண்டு கூரையில வச்சு ஒரு புள்ள எடுத்தன். அப்பவும் பயந்துதான் எடுத்தன்."

யானை காட்டுக்குள் இறங்கியதும் அவர் ஏறி மிதித்தார். நானும் பின்னால் போனேன். பொழுது சாயுமுன் குடிசைக்குள் குழந்தை அழுதது. கை கழுவிக்கொண்டே வெளியே வந்தவர், "சில்லுக்குக் காத்தடிச்சுத் தாங்க தம்பி. அங்கால ஊரிலயும் ஒருத்தி என்னப் பாத்திட்டிருப்பாள்" என்றார்.

காற்றடித்துக் கொடுத்தேன். கூடப் போகத்தான் என் காலில் வலு இருக்கவில்லை.