வயிறெரிந்த சாட்சி

வாட்ச்மேனுக்கு வீடு இல்லாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருபத்திரண்டு வருடம், யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர். கேமரா வந்தது, அவர் போனார். வேலையோடு கொடுத்திருந்த மாடிப்படிக்குக் கீழ் அறையும் வேலையோடு சேர்ந்தே போயிற்று. தான் வெளியேறிய நேரத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான், யூனிஃபார்ம் கோட்டும் கையுமாகக் கேட்டைத் தாண்டினார். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

அன்றே, மூடிக்கிடந்த பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வராந்தாவில் குடியேறினார். அங்கே மூன்று தூண்கள். முதல் தூணடியில் அட்டைப்பெட்டி பொறுக்கி விற்கும் ஓர் அம்மாள். யாரோடும் பேச மாட்டாள். நடுத்தூண் இவருக்கு. பதினொரு நாள் கழித்து, மூன்றாம் தூணுக்கும் ஷட்டருக்கும் நடுவிலிருந்த மூலையில் பெயிண்டர் ஒருவன் வந்து பையை வைத்தான். சாரத்திலிருந்து விழுந்து இடது கால் வளைந்தவன். வாட்ச்மேனின் வயிற்றெரிச்சல் அன்று தொடங்கியது.

வராந்தாவில் எரிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வராந்தாவில் வசித்ததில்லை. அந்த மூலைக்குச் சாரல் வராது. பெயிண்டருக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி முழுசாகக் கிடைத்தது. இவருக்கு வாய்த்தது மிக்ஸி வந்த பெட்டி. தெருநாய் ஒன்று கொஞ்சமும் நியாயமில்லாமல் அவன் காலடியிலேயே சுருண்டது. டீக்கடைக்காரர் அவனைக் கண்டால் "வாப்பா, உக்காரு" என்பார். இவரைக் கண்டால் "வழிய விட்டு நில்லுங்க" என்பார். போதாததற்கு, படுத்த நிமிஷமே அவனுக்குக் குறட்டை. கொடுத்துவைத்தவன். வேலை பார்த்த பழக்கத்தில் கண் மூடாத வாட்ச்மேன், ஒவ்வொரு குறட்டையையும் கேட்டுப் பொருமினார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் பொருமிய பிறகு, வீட்டுதவி அலுவலகத்திலிருந்து ஒரு கள அலுவலர் வந்தார். எல்லோருக்கும் அவர் 'மேடம்'. தொகுப்பு வீடுகளில் இந்தச் சுற்றுக்கு ஓர் அறைதான் மிச்சம் என்றார். வாட்ச்மேனும் பெயிண்டரும் மனு போட்டார்கள். யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்கு அறை. உடல்நிலை என்ற இடம் வந்ததும் பெயிண்டர் காலை நீட்டினான். வாட்ச்மேனுக்கு நீட்ட ஒன்றுமில்லை.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல மேடம்."

"மூச்சு வாங்குமா?"

"வேகமா நடந்தா வாங்கும்."

"எனக்கும்தான் வாங்கும். அதெல்லாம் சேராது."

தன் ஆரோக்கியத்தை நினைத்து அவர் வெட்கப்பட்டது அன்றுதான். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கியது சாக்கு என்பார்கள். இங்கே குதிரைக்கு லாயமே கிடைக்கப்போகிறது.

ஆனால் விதி ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருடம் தெருவில் படுத்ததை நேரில் பார்த்த சாட்சி வேண்டும். எதிர்க்கடைக்காரர்கள், "எட்டு மணிக்கெல்லாம் சாத்திட்டுப் போயிடுவோமே" என்றார்கள். ரோந்துப் போலீஸ்காரர் யாரையுமே பார்த்ததில்லை என்றார்; பார்த்திருந்தால் விரட்டியிருக்க வேண்டுமல்லவா? யாரோடும் பேசாத முதல் தூண் அம்மாளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி வராவிட்டால் பெயிண்டரின் கோப்பை மூடி, அடுத்த கோப்பைத் திறப்பார்கள். அடுத்தது வாட்ச்மேனுடையது. அவருக்கும் சாட்சி வேண்டும்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே," என்றான் பெயிண்டர்.

"வரேன்டா, வராம என்ன?"

சொல்ல வேண்டியதை அவர் முடிவு செய்துவிட்டார். 'பார்த்த ஞாபகம் இல்ல மேடம்.' நாலே வார்த்தை. அலுவலகம் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பெயிண்டர் வெளி பெஞ்சில் காத்திருக்க, உள்ளே மேடம் அவனுடைய வாக்குமூலத்தைப் படித்தார். "'எனக்குக் கிடைச்சது இருக்கறதுலயே மோசமான இடம்'னு சொல்லியிருக்கார். நீங்க பாத்திருக்கீங்களா?"

நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை.

"மோசமான இடமா? அது ராஜா மூலை மேடம்! எனக்கு இடுப்பு வரைக்கும் நனையும், அவன் பீடிகூட நமுக்காது!"

"அப்ப அவர் அங்கதான் படுத்திருந்தாரா?"

"படுத்திருந்தானாவா? மல்லாந்து படுத்திருந்தான்! போன வருஷம் ஜூன் பதினாலு, சாயங்காலம் ஆறேகாலுக்கு வந்தான். ஆகஸ்ட்ல ஃப்ரிட்ஜ் பெட்டி. டிசம்பர்ல மூணு நாள் இல்ல. காலுக்கு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. கட்டில் மேடம், மெத்தையோட! திரும்பி வந்தப்ப கன்னம் உப்பியிருந்துச்சு. அந்த மூணு நாள் தவிர ஒரு நாள் தப்பல."

மேடம் நாலு பக்கம் எழுதினார். இத்தனை துல்லியமான சாட்சியை அந்த அலுவலகம் கண்டதில்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது வாட்ச்மேனுக்கு உறைத்தது.

"சரி, உங்களுக்கு யார் சாட்சி?"

பெயிண்டரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அண்ணனா? பக்கத்துலதான் இருந்தாரு. எப்ப வந்தாருன்னு... கவனிக்கலையே மேடம். நான் படுத்தாப் பொணம்."

அறை போனதைக்கூட வாட்ச்மேன் தாங்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் விடாமல் இவர் பொறாமைப்பட்டிருக்கிறார். பதிலுக்கு அவன் ஒரே ஒரு நாள் பட்டிருக்கக் கூடாதா?

"ஏண்டா, என் யூனிஃபார்ம் கோட்டையாவது பாத்திருக்கியா?"

"கோட்டா? உங்ககிட்ட கோட்டு இருக்காண்ணே?"

திங்கட்கிழமை பெயிண்டருக்குச் சாவி கிடைத்தது. அடுத்த சுற்றுக்கு வாட்ச்மேனின் கோப்பு நிற்க வேண்டுமானால் ஒரு சாட்சி வேண்டும். மேடம், கடைசி முயற்சியாக, முதல் தூண் அம்மாளை அழைத்துவந்தார். அவள் அட்டை மூட்டையைக் கதவருகே சாத்திவிட்டு வாட்ச்மேனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரைத் தெரியாமயா? இவருக்கென்ன குறைச்சல்! போன ஜூன் மூணாந்தேதி வந்து நடுத்தூணை வளைச்சுப் போட்டாரு. பித்தளை பட்டன் வச்ச கோட்டு. குளிர்ல அதை மாட்டிக்கிட்டு துரை மாதிரி உக்காருவாரு. காலு ரெண்டும் நேரா இருக்கு. மாசம் ஒரு தடவை தங்கச்சி ஃபோன் பண்ணும். 'சாப்ட்டியாண்ணே'ன்னு அது கேக்கறது எனக்கே கேக்கும். என்னை யாரு கேக்கறா? அதுக்கு இவரு 'ம்... ம்...'னு சலிச்சுக்குவாரு பாருங்க, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்!"

வாட்ச்மேனின் கண் கலங்கியது. தன்னையும் பார்த்து ஒரு வயிறு எரிந்திருக்கிறது.

"மேடம், அந்தத் தங்கச்சி விஷயத்தை இன்னொரு தடவை படிங்க."

மேடம் படித்தார். வாட்ச்மேன் தாளைப் புரட்டினார். "அவனுக்கு நாலு பக்கம். எனக்கு ரெண்டரைதானா?"

"பொடியா எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

அம்மாள் மூட்டையைத் தூக்கினாள்.

"இந்தம்மாவோட ஃபைலு எங்க மேடம்?"

"அவங்க மனுவே போடலயே. சாட்சி சொல்ல ஆள் இல்லைன்னுட்டாங்க."

வாட்ச்மேன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடம் பேனாவை மூடினார்.

"யோசிச்சுக்கோங்க. அவங்களுக்கு வயசு ஜாஸ்தி, உங்களைத் தாண்டிப் போயிடுவாங்க. அடுத்த சுத்துலயும் ஒரு ரூம்தான்."

"தெரியுது மேடம். வயிறு எரியத்தான் எரியுது. நீங்க எழுதுங்க. ஜூன் மூணாந்தேதி நான் போனப்பவே இந்தம்மா அங்க இருக்கு. முதல் தூணு. அதுலயும் காலை வெயிலு முதல்ல எங்க விழும்ங்கறீங்க?"