தையல்காரருக்கு ஒரு முகம்

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்குமே ஆளுயரப் பொம்மைகள், அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவருடைய தொழில். விரல் உடைந்தால் ஒட்டுவார். மூக்கு போனால் பட்டி வைத்துப் புது மூக்கு பிடிப்பார். வெயிலில் வெளுத்த கன்னத்துக்கு ரோஸ் பூசுவார். கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் பொம்மைக்காரர். சின்ன வயதில் பிரஷைப் பிடித்த கை, தலை நரைத்தும் விடவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு முகம். எடுப்பான மூக்கு, வழவழப்பான கன்னம், கடையே தீப்பிடித்தாலும் மாறாத புன்னகை. ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். மீசை வரைந்தால் ஆண்.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் எதிர்க்கடைத் தையல்காரர். அந்த மனிதர் சிரித்துப் பார்த்தவர்கள் தெருவில் குறைவு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு, ஒரு பக்கம் ஏறின தோள், யார் வந்தாலும் சிடுசிடுப்பு. சட்டைத் துணி கொடுத்தால் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் போய் நின்றால், "ஏன், போட்டிருக்கிறது கிழிஞ்சா போச்சு?" என்று நம்மையே மடக்குவார். மத்தியானம் ஆனால் சாப்பாட்டுத் தூக்கோடு பொம்மைக்காரரின் பட்டறைக்கு வந்துவிடுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும், பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கும் பொம்மைகளை ஒரு சுற்று சுற்றி வந்து நொட்டை சொல்லுவார். அதைக் கேட்காவிட்டால் பொம்மைக்காரருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

ஒருநாள் தையல்காரர் தைத்துக்கொண்டே மெஷின்மேல் சாய்ந்தார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த கையோடு தையல்காரர் நல்லவராகிவிட்டார். அதுவரை அவரைத் திட்டாத வாய் இல்லை. இப்போது வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் போட்டு, கலை விழா நடத்தி, அதில் அவருக்கு ஒரு சிலையும் வைத்து அவர் நினைவைப் போற்றுவது என்று முடிவு செய்தார்கள். சங்கச் செயலாளர் கவிதை எழுதினார். அதில் தையல்காரர் சொன்ன நேரத்துக்குத் துணி தரும் புன்னகை மன்னராக வந்தார். மருந்துக்கடைக்காரர் அதற்கு மெட்டுப் போட்டு உருகி உருகிப் பாடிப் பழகினார். தையல்காரர் தைத்துக் கொடுத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் அவர் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்ததை ஊரே பார்த்திருக்கிறது. மனுஷன் அதையெல்லாம் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

சிலை செய்யும் வேலையைப் பொம்மைக்காரர் கேட்டே வாங்கினார். "அவனுக்கு நான்தான் செய்யணும். வேற யாரும் தொடக்கூடாது" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

பழைய பொம்மை ஒன்றை எடுத்து முகத்தைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பட்டி அப்பி, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் பூசினார். ராப்பகலாக இழைத்தார். சங்கத்தார் வந்து பார்த்து அசந்துபோனார்கள். "தத்ரூபம்! உயிரோட வந்து நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் செயலாளர். கவிதையில் வந்த ஆள் அப்படியே எதிரில் நின்றால் அவருக்குக் கசக்கவா செய்யும்?

தையல்காரரின் மனைவியை அழைத்துவந்து காட்டினார்கள். அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சிலையைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நல்லா லட்சணமா இருக்காருண்ணே" என்றார் பொம்மைக்காரரிடம். "யாரு இவரு?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "பாவம், துக்கத்துல அடையாளம் தெரியல" என்று மருந்துக்கடைக்காரரின் காதில் சொன்னார். எல்லாரும் போன பிறகு பொம்மைக்காரர் பட்டறையில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் சிநேகிதரின் முகத்தை நினைத்துப் பார்த்தார். எடுப்பான மூக்கும் வழவழப்பான கன்னமும்தான் வந்தன. எப்படி முட்டி மோதினாலும் ஜவுளிக்கடை முகம்தான். தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆளின் முகம் மறந்துபோய்விட்டது. இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? போட்டோக்களைத் தேடி எடுத்தார். அவற்றில் இருந்தவர் கேமராவைக் கண்டு மிரண்டுபோன எவரோ ஒருவர். பொம்மைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவனை ஒரு தடவை காலன் கொண்டுபோனான், மிச்சத்தை நானே அழித்துவிட்டேன் என்று மருகினார்.

அழகுச் சிலை மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், ஆத்திரம் தாங்காமல் அதைப் பார்த்தே கேட்டுவிட்டார்:

"இந்த லட்சணத்தை அவன் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

கேட்ட மாத்திரத்தில் வந்தது முகம். இடது புருவம் மேலே போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணியது. மூக்கின் மேல் சுருக்கம் விழுந்தது. வேப்பெண்ணெயைக் குடித்த மாதிரி ஒரு பார்வை. "இந்த மூஞ்சிக்கெல்லாம் நான் சட்டை தைக்க மாட்டேன்" என்று சொல்லும்போது வருகிற அதே முகம். பொம்மைக்காரர் பாய்ந்து பட்டி டப்பாவைத் திறந்தார். இன்னொரு பொம்மையை இழுத்துப் போட்டார். வழக்கமாகப் பள்ளத்தை மூடுகிற கை அன்றைக்குப் பள்ளம் தோண்டியது. நிமிர்த்திப் பழகின தோளை அறுத்து ஏற்றி ஒட்டினார். சிரிப்பு தலைகாட்டிய இடத்தையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளினார்.

புதுச் சிலையைப் பார்த்த சங்கத்தார் ஓரடி பின்வாங்கினார்கள்.

"என்னங்க இது, நம்மளைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிறாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவன் அப்படித்தானே பாப்பான்" என்றார் பொம்மைக்காரர்.

"பாப்பாருதான். அதுக்காக விழாவுல வெச்சுப் பாக்கச் சொன்னா எப்படி? கவிதை படிக்கிறப்போ எதிர்ல இது நின்னா எனக்கு நாக்கு குழறும்" என்றார் செயலாளர். அழகனை வண்டியில் ஏற்றிச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். விழா அமர்க்களமாக நடந்தது. பொம்மைக்காரர் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் தையல்காரரின் மனைவி பட்டறைக்கு வந்தார். "அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் நின்ற சிலையைப் பார்த்துவிட்டார். இதையும் பார்த்து யாரென்று கேட்டுவிட்டால் அப்புறம் பிரஷைத் தொடுவதில்லை என்றுதான் பொம்மைக்காரர் மனதில் ஓடியது.

அந்த அம்மா சிலையின் எதிரில் போய் நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன, என்ன பார்வை வேண்டிக்கிடக்கு?" என்றார். "செய்யிறதையும் செஞ்சுட்டு என்னையே மொறைக்கிறீங்களா? நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? காலையில காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லத் தெரிஞ்சுதில்ல? அதைச் சொல்ல வாயிருந்துச்சு, இதைச் சொல்ல வாயில்லையா?"

பொம்மைக்காரர் ஓசைப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே அந்த அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நடுநடுவே உடைந்தது, மறுபடி ஏறியது. வாசற்படியில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவரும் அழுதார். வெகுநேரம் அழுதார்.

அந்த வழியாக வந்த செயலாளர் சத்தத்தைக் கேட்டு நின்றார். "உள்ளே என்னங்க சண்டை? யாரு?"

பொம்மைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தையல்காரனும் அவன் சம்சாரமும்தாங்க" என்றார். "இப்ப உள்ள போகாதீங்க. பேசி முடிக்கட்டும்."