ஹீலியத்தின் இடம்

போர்டு பெயிண்டர் பொன்னுரங்கத்துக்கு ஒரு பழக்கம். எழுதிக் கொடுத்த சீட்டில் தப்பு இருந்தால் யாரையும் கேட்க மாட்டார். தானே திருத்திப் போட்டுவிடுவார். கடலூர் முதுநகரில் பாதிக் கடைப் பலகை அவர் திருத்தினதுதான்.

சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் தனிம அட்டவணை வரையக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சு மேல் நின்று எழுதிக்கொண்டிருக்கும்போது காட்டுமன்னார்கோயிலிலிருந்து தங்கச்சி மங்கலம் போன் பண்ணினாள்.

"அண்ணே, மாடி ரூமை ஒருத்தரு வாடகைக்குக் கேக்குறாரு. நீ இங்கயே வந்து இருந்துக்குறேன்னு சொன்னா அவருக்கு விட மாட்டேன். சாயந்தரத்துக்குள்ள சொல்லு. அண்ணி செத்துப் போனதுலேருந்து ஒத்தையில என்னத்த ஆக்கித் திங்குற?"

"எனக்கென்ன கொறச்சல்? அமிர்தம் இருந்தப்ப மட்டும் வூட்ல கூட்டமா இருந்துச்சு? புள்ளையா குட்டியா, ரெண்டே பேரு." வெடுக்கென்று வைத்துவிட்டார்.

மதியம் அறிவியல் எடுக்கும் மாலதி டீச்சர் வந்து சுவரைப் பார்த்தார்.

"ஐயையோ! ஹீலியத்தை ஏண்ணே பெரிலியம் தலைமேல உக்கார வெச்சீங்க?"

"நீங்கதானம்மா சொன்னீங்க, வெளிக்கூட்டுல அதே எண்ணிக்கை எலக்ட்ரான் இருந்தா குணமும் ஒண்ணா இருக்கும், அதனால மேலயும் கீழயும் ஒரே வரிசைன்னு. பெரிலியத்துக்கு ரெண்டு, ஹீலியத்துக்கும் ரெண்டு. சீட்டுல இத கொண்டுபோயி எட்டு இருக்கறவங்களோட போட்டிருந்துச்சு. அச்சுத் தப்புன்னு மாத்திட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்லா மாத்தினீங்க போங்க! பெரிலியத்தோட வெளிக்கூட்டுல எட்டுக்கு எடம் இருக்கு, ரெண்டுதான் இருக்குது. அதனால அது வேற ஒண்ணோட சேரும். ஹீலியத்துக்கு எடமே ரெண்டுதான். ரெண்டும் நெறஞ்சுடுச்சு. நியானுக்கு எட்டும் நெறஞ்ச மாதிரி. நெறஞ்சது எதையும் தேடாது. அதான் அதுங்க ஒரே வரிசை."

"அந்த ரெண்டு எடத்துல ஒண்ணுதான் இருந்தா?"

"அது ஹைட்ரஜன். தனியா நிக்காது, கெடச்சதோட சேந்துக்கும்."

பொன்னுரங்கம் வெள்ளையை எடுத்து ஹீலியத்தை மூடினார். காய்ந்ததும் எழுத்து லேசாகத் தெரிந்தது. இன்னொரு தடவை அடித்துவிட்டு, வலது கோடியில், நியானுக்கு மேலே எழுதினார்.

பிறகு மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். இன்னொரு பங்கு சோறு வீட்டுப் பானையில் கிடக்கிறது. காலையில் அரிசி களையும்போது கை இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் அள்ளிப் போடுகிறது. ராத்திரி அதையே தண்ணீர் விட்டுத் தின்பார்.

சாப்பிடாமல் போனை எடுத்தார்.

"மங்கலம், அந்தாளுகிட்ட ரூம் இல்லன்னுடு."

"வரியாண்ணே?"

"ஒரு ஆளுக்கு ஆக்கத் தெரியல எனக்கு."

கட்டிலை ஜன்னலோரம் போடட்டுமா என்று மங்கலம் கேட்டாள்.