கிள்ளான் வானம் மூடியிருந்த காலை

இன்றைக்கும் நான் லைசென்ஸோடு பறக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் திறமை இல்லை. திறமை என்னிடம் நிறைய இருப்பதால் இதை எழுத மனசு வர மாட்டேன் என்கிறது. காரணம் என் மாமா மகன். ஆகாய விமானம் என்றால் அவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

போன வருடம் கிள்ளானில் என் தங்கைக்குக் கல்யாணம். கல்யாணம் நடந்த மாப்பிள்ளை வீடு ஊரின் மேற்குக் கடைசியில், கடல் பக்கமாக இருந்தது. நான் அப்போது சிங்கப்பூரில் காலேஜ் முடித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் மரக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் சுங்கை பீசி விமானத் திடலில். பறக்கும் கிளப்பில் லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிளப்பில் தமிழன் நான் ஒருவன். ஒரு தப்பு செய்தால் லைசென்ஸ் போகும், 'இவர்களுக்கெல்லாம் எதற்கு இது' என்ற பேச்சும் வரும். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் கதவு மூடிவிடும். இதெல்லாம் தெரிந்தும் தங்கையிடம் வாயை விட்டேன்.

"நீ தாலி கட்டிக்கிற நேரம் பார்த்து மேலேருந்து பூ கொட்டுறேன், பாரு."

"கொட்டு, அது பக்கத்து வீட்டுல போய் விழட்டும். அவங்க பொண்ணுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல," என்றாள்.

எங்கள் விமானத்தில் இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. முன்னால் உட்கார்ந்து பூ கொட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த மாமா மகனை, என் மச்சானைப் பிடித்தேன். அவன் என் வயசுக்காரன், ரயில்வே ஆபீஸில் கிளார்க். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் முகூர்த்தக் கணக்கு அவன் வேலை. பஞ்சாங்கம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வருகிறது, அதில் இருப்பது அந்த ஊர் நேரம். அதை மலாயா நேரத்துக்கு மாற்றி, ராகு காலம் தாண்டி, இத்தனை மணிக்குத் தாலி என்று அவன் சொன்ன பிறகுதான் பத்திரிகையே அச்சுக்குப் போகும். தங்கைக்குப் பத்திலிருந்து பதினொன்றுக்குள் என்று குறித்துக் கொடுத்திருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிளப் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடலோரத்தில் பீரங்கிப் பயிற்சி. கிள்ளான் ஆற்று முகத்திலிருந்து ஊரின் மேற்குக் கடைசி வரை, மறுநாள் மட்டும், குறித்த நேரத்தில் எந்த விமானமும் நுழையக் கூடாது. கல்யாண வீடு சரியாக அதற்குள் இருந்தது. நேரம் 0200 முதல் 0500 வரை என்று போட்டிருந்தார்கள். விடியற்காலைதானே என்று அதை மட்டும் சிகரெட் அட்டையில் கிறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் ரோஜா இதழை உதிர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் மெதுவாக ஆரம்பித்தான்.

"நாளைக்கு அந்தப் பக்கம் பீரங்கி சுடுறானுங்களாமே?"

"விடியக்காலை ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும். நாம போறது பத்து மணிக்கு. அதுக்குள்ள அவனுங்க படுக்கப் போயிடுவானுங்க."

"ரெண்டு மணிக்கா? அந்நேரத்துக்கு நம்ம ரோட்டு போலீஸ்காரன், அந்த மாத்தா மாத்தாவே விசிலை வாயில வெச்சுக்கிட்டுத் தூங்குவான். இருட்டுல எதைப் பார்த்துடா சுடுவானுங்க?"

"அது பட்டாளத்து விஷயம்லா. பயம்னா பயம்னு சொல்லிடு."

"பயம்தான். அதான் கேக்குறேன். அது எந்த ஊரு நேரம்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நேரத்துக்கு ஏதுடா ஊரு?"

"இத நீ சொல்றியா? பஞ்சாங்கத்த அப்படியே வெச்சு நாளைக்குத் தாலி கட்டினா உன் தங்கச்சி கதி என்ன? பீரங்கிக்காரன் மட்டும் உன் கைக்கடிகாரத்தைப் பார்த்தா சுடுவான்?"

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தாளின் மேல் பாகத்தை நான் படிக்கவே இல்லை.

அவன் மோட்டார் சைக்கிளிலேயே திடலுக்கு ஓடினோம். பலகையில், நான் எழுதாமல் விட்ட முதல் வரியில், நேரமெல்லாம் கிரீன்விச் நேரம் என்று இருந்தது. லண்டன் பக்கத்துக் கணக்கு. நம் கடிகாரத்துக்கு அதோடு ஏழு மணி இருபது நிமிஷம் கூட்ட வேண்டும். பீரங்கி முழங்கப்போவது காலை ஒன்பது இருபதிலிருந்து பன்னிரண்டு இருபது வரை. பத்து மணிக்கு நான் அதன் நடுவில், மச்சானையும் ரோஜாப் பூவையும் வைத்துக்கொண்டு வட்டமடித்திருப்பேன்.

கிளப் செயலாளர் வெள்ளைக்காரர், கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர். திட்டுவார் என்று நினைத்தேன். விளக்கை மறுபடி போட்டு, வரைபடத்தை விரித்து, தடை எல்லையைச் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். "கோட்டை உரசிக்கொண்டு பறக்காதே, இரண்டு மைல் தள்ளி நில். மேலிருந்து பார்த்தால் வேறெதோடும் குழம்பாத அடையாளம் ஒன்றை வைத்துக்கொள். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் என்னிடம் கேள், நேரத்தை அவர்கள் மாற்றியிருக்கலாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடையாளமாகக் கிள்ளான் ரயில் பாலத்தைக் குறித்தோம். தடை தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே அந்தப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அவருக்கும் என் நன்றி உண்டு.

வாசலில் மச்சான் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். "அப்ப நாளைக்கு இல்லதானே?"

"எட்டு மணிக்குப் போறோம்."

மறுநாள் நேரம் மாறவில்லை என்று செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளம்பினேன். ரயில் பாதையை ஒட்டிப் போனோம், பாலம் வந்தது, அதைத் தாண்டி வீடு. பந்தலில் சமையல்காரர்களைத் தவிர யாரையும் காணோம். சத்தம் கேட்டு, பாதி பின்னிய ஜடையோடு தங்கை வெளியே ஓடிவந்தாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சாக்கைக் கவிழ்த்தான். காற்று பாதிப் பூவைத் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோனது, மீதி அவள் மேலும் அடுப்பு மேலும் விழுந்தது. அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். இன்னொரு சுற்று சுற்ற எனக்குக் கை துறுதுறுத்தது. நேரமும் இருந்தது.

இரண்டு சீட்டுக்கும் நடுவே பேசுவதற்கு இருந்த ரப்பர் குழாயில் மச்சானின் குரல் வந்தது. "பார்த்தாச்சுல்ல? வண்டியத் திருப்புடா."

திருப்பினேன். பாலம் எங்களுக்குப் பின்னால் போன பிறகுதான் அவன் கண்ணைத் திறந்திருப்பான்.

இப்போதெல்லாம் பலகையில் உள்ள தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன், படித்ததை இன்னொருவனிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். நம் தப்பு நம் கண்ணில் படுவதில்லை, கேட்கிறவனுக்கு உடனே உறுத்துகிறது. ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் இன்னும் நல்லது.

திடலில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் புழுதியோடு கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். கெட்டி மேளம் கொட்டும்போது கடல் பக்கத்திலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது, பந்தல் கால் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "மாப்பிள்ளை வீட்டுல வேட்டு பலமா இருக்கே," என்றார். மாப்பிள்ளையின் அப்பா மறுக்கவில்லை.

பந்தியில் மச்சானுக்கு நானே பரிமாறினேன். மூன்றாவது தடவை பாயசம் ஊற்றும்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா, இன்னைக்கு இவ்வளவு மரியாதை?"

கடல் பக்கம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. "சாப்பிடு மச்சான்," என்றேன்.