தங்கை வீட்டுக் குழாய்

என் தங்கை கோவைக்கு வரும்போதெல்லாம், எங்கள் வீட்டுச் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி அவளிடம் பெருமை பேசுவேன். இப்போது எங்கள் வீதிக் குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். வரும் நாளை டைரியில் குறித்து வைக்கிறேன். காரமடைக்குப் பக்கத்திலுள்ள அவள் ஊருக்கோ, போன பட்ஜெட்டில் அரசு பணம் ஒதுக்கிப் புதுக் குழாய் போட்டதில், நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது.

போன வாரம் நான் போனபோது, குழாயைத் திறந்துவிட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் மூடினேன்.

"ஏனுங்கக்கா, உடுங்க. அது எப்பவும் வருமுங்க" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்பும்போது இரண்டு கேனில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். "எங்களுக்கு நாளைக்கே வருது கண்ணு" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். தண்ணீர் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.