தாய்மாமன் பெயர் தெரியவில்லை

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. இனிஷியலை மாற்றிப் போடுவார்கள், பெரியப்பாவைச் சித்தப்பாவாக்குவார்கள், கேட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான் என்று சாதிப்பார்கள். அதனால் என் தங்கையின் பத்திரிகையை குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நானே கம்ப்யூட்டரில் தட்டினேன். நிலக்கரி மைன்ஸ் அலுவலகத்தில் தினமும் தமிழில் தட்டுகிற கை என்னுடையது. இதற்குப் போய் இன்னொருவன் தயவு எதற்கு?

மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் ஒரு எழுத்துருவில் இருந்தன. கீழே உறவினர் பட்டியலுக்கு மட்டும் பழைய எழுத்துரு ஒன்றைப் போட்டேன். வளைவு வளைவாகப் பட்டுச்சேலைக் கரை போல இருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டியலில் முதல் பெயர் தாய்மாமன். அம்மாவின் ஒரே தம்பி. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்.

அவர் பெயரை முதலில் போட்டேனே தவிர, அவர் வருவாரா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது. போன வருஷம் அவர் தன் மகனுக்குத் தங்கையைக் கேட்டு வந்தார். தங்கை வேண்டாம் என்றாள். அவர் "சரிம்மா, உன் இஷ்டம்" என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேன். கோபப்படாமல் போனதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவோ, "எந்தம்பி மாலை எடுத்துக் குடுக்காம எம்பொண்ணு மணையில உக்கார மாட்டா" என்று தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

அச்சுப் பத்திரிகை வர நாளாகும் என்பதால் பிடிஎஃப் கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்தே எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. "அருமை" என்றார்கள், "சூப்பர்" என்றார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. மாமா மட்டும் போன் செய்தார்.

"டேய், பத்திரிகை வந்துது. மேல நல்லா இருக்குது. கீழ எங்க பேரெல்லாம் தெரியலியேடா."

வந்துவிட்டார் விஷயத்துக்கு, என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு வராமல் இருக்க ஒரு சாக்கு வேண்டும். பத்திரிகையில் பெயர் இல்லை என்பதைவிட வலுவான சாக்கு எங்கள் சாதிசனத்தில் கிடையாது. ஒற்றைப் பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

"நல்லா பாருங்க மாமா. மொதப் பேரே உங்க பேருதான்" என்று சொல்லிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அவரே கூப்பிட்டார்.

"இப்பவும் தெரியலடா. என்னென்னமோ இங்கிலீசு எழுத்தா இருக்குது. நானும் காலையிலேர்ந்து பாத்துகினுதான் இருக்கறேன்."

என் கண் முன்னால் திரையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் இல்லை என்கிறார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"வர இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லிடுங்க மாமா. பேரு இல்லைன்னு பொய் சொல்லாதீங்க. பொண்ணு குடுக்காத கோபத்த இப்படியா தீத்துக்கறது?"

மாமா போனை வைத்துவிட்டார். நான் அதோடு விட்டிருக்கலாம். சித்தப்பாவுக்குச் சொன்னேன், அத்தைக்குச் சொன்னேன், மாமா நாடகம் ஆடுகிறார் என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மனைவி தன் அம்மாவுக்கு அனுப்புவதற்காகப் பத்திரிகையைத் தன் போனில் திறந்தாள்.

"ஏங்க, தாய்மாமன்னு இருக்க வேண்டிய எடத்துல ஜே, எச், ஏ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி இருக்கு. இது என்ன பாஷை?"

உன் போனில் ஏதோ கோளாறு என்றேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் போனை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே ஜே, அதே எச்.

கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்தேன். மேலே போட்ட எழுத்துருவுக்கு எதிரே, கோப்புக்குள் பொதியப்பட்டது என்று இருந்தது; அதாவது கோப்பு போகிற இடத்துக்கெல்லாம் அந்த எழுத்துருவும் கூடவே போகும். பழைய எழுத்துருவுக்கு எதிரே ஒன்றுமில்லை. அதைச் செய்தவன் யாரோ பொதிய முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறான். மென்பொருளும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை விட்டுவிட்டிருக்கிறது. என் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருப்பதால் எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. உள்ளே இங்கிலீஷ் எழுத்தை வைத்துக்கொண்டு மேலே தமிழ் வடிவம் காட்டுகிற பழைய வகை அது; அது இல்லாத எல்லா போனிலும் தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. கும்பிடு போட்ட ஒருவரும் கீழே வரைக்கும் படிக்கவில்லை. படித்தவர் மாமா ஒருவர்தான். அவரைத்தான் நான் பொய்யர் என்றேன்.

அப்போதும் முதலில் எழுத்துருக்காரனைத் திட்டினேன், பிறகு மென்பொருளை. திட்ட வேறு ஆள் கிடைக்காதபோதுதான் வெட்கம் வந்தது. பட்டியல் முழுவதையும் பொதிய விடுகிற எழுத்துருவில் மறுபடி தட்டினேன். விவரத்தில் இரண்டுக்கும் எதிரே பொதியப்பட்டது என்று வந்த பிறகும் மனைவி போனிலும் பக்கத்து வீட்டுப் போனிலும் திறந்து பார்த்தேன். பிறகு அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் போனேன்.

மாமா தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அவர் பேச வாயெடுப்பதற்குள் போனை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலால் பெரிதாக்கி, தன் பெயரை, தன் மனைவி பெயரை, மகன் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தப்பு என்னுதுதான் மாமா. நீங்க பேர் போடலன்னு சொன்னதும் நான்..."

"போடலன்னு எங்க சொன்னேன்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "தெரியலன்னுதான சொன்னேன். பேர் போட்டுருப்பன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல நாலு பேர்கிட்ட காட்டணும், சரி பண்ணி அனுப்புடான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அதுக்குள்ள உங்க சித்தப்பன் போன் பண்ணி, ஏன் நாடகம் ஆடறன்னு கேக்கறாரு."

அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஆமாம், போடவில்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை அவர் வாயில் திணித்தவன் நான்.

"கல்யாணத்துக்கு வருவீங்கல்ல மாமா?"

"எங்கக்கா பொண்ணுக்கு நான் வராம?"

வந்தார். விடியற்காலையிலேயே குடும்பத்தோடு வந்து இறங்கினார். மாலை எடுத்துக் கொடுத்தார், சீர் வைத்தார், அம்மாவைச் சிரிக்க வைத்தார். பந்தியில் நான் அவர் இலைக்குப் பாயசம் கொண்டுபோனபோது நிமிர்ந்து பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றே கூப்பிட்டவர்.

"போதுங்க," என்றார். "நீங்க போய் மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள கவனிங்க."