ரேடியோவில் நான் பாடக் கூடாத ஐந்து வருஷம்

அரியலூர்ப் பக்கம் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடிக்கொண்டிருந்தவள் நான். என் கணவர் ஆர்மோனியம் வாசிப்பார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், திருவிழா ஒன்றில் என் பாட்டைக் கேட்ட கிராமபோன் பிளேட் கம்பெனிக்காரர் ஒருவர் எங்களைச் சென்னைக்குக் கூப்பிட்டார். ரயிலேறிப் போய், ஒரே பகலில் இரண்டு பாட்டுப் பாடி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். தாள் முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழே அப்போது எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பாடியதற்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அதோடு சரி.

சில மாதங்களில் திருச்சி ரேடியோவில் அந்தப் பிளேட்டைப் போட்டார்கள். பெரம்பலூரில் பஞ்சாயத்து போர்டு ரேடியோவுக்கு முன்னால் கூட்டத்தோடு நின்று நானே கேட்டேன். "யாரு பெத்த பொண்ணோ, என்னமா பாடுது!" என்றார் பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்தவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டுப் போன ஒருவர் திரும்பி வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மைக் செட்டுக்காரரு ஒங்க பிளேட்டையே போட்டுடறேங்கறாரு. நீங்களே வந்த மாதிரிதானே!"

அதற்குப் பிறகு இப்படிப் பல வீடுகள். என் பாட்டு ஊர் ஊராகப் போனது. நான் அடுப்படியில் இருந்தேன்.

அந்த நேரத்தில் ரேடியோ நிலையத்திலிருந்து நேரில் வந்து பாடச் சொல்லிக் கடிதம் வந்தது. தபால்காரர் போவதற்குள் கணவர் அதை மூன்று தடவை படித்துவிட்டார். எனக்கு மட்டும் கம்பெனித் தாள் மனதில் உறுத்தியது. தெரிந்த வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டினோம்.

"அஞ்சு வருஷத்துக்கு வேற கம்பெனியிலயும் பாடக் கூடாது, ரேடியோவுலயும் பாடக் கூடாதுன்னு இருக்கே. கேட்டுப் பாக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

அதே சமயம் கம்பெனிக்கும் ரேடியோவுக்கும் தகராறு. பிளேட்டைப் போடும் ஒவ்வொரு தடவையும் தங்களுக்குக் கட்டணம் வேண்டும் என்றது கம்பெனி. ரேடியோக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு முறிந்து, எங்கள் கம்பெனிப் பிளேட்டுகள் ரேடியோவில் நின்றுபோயின. பாடினவளுக்கு என்ன என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிளேட்டாகவும் நான் ரேடியோவில் இல்லை, ஆளாகவும் போக முடியவில்லை.

"புதுசா ஒருத்தி மாதிரி ஒங்கம்மா பேர்ல ரேடியோவுக்கு எழுதிப் போடுவோம். கொரல்ல பேரா எழுதியிருக்கு?" என்றார் கணவர்.

பயந்துகொண்டே சம்மதித்தேன். திருச்சியில் குரல் தேர்வு வைத்து, பாட நாள் கொடுத்தார்கள். செத்துப்போன என் அம்மாவின் பெயரை அறிவிப்பாளர் சொன்னார். எப்படியோ பாடி முடித்தேன்.

ஒரு வாரத்தில் கம்பெனியின் திருச்சி ஏஜெண்ட் எங்கள் வாசலில் நின்றார்.

"ஒங்க கொரல் எங்களுக்குத் தெரியாதாம்மா? கேஸ் போட்டா இந்த வூடு நிக்குமா?"

"அப்ப நீங்களே இன்னொரு பிளேட் எடுங்க" என்றேன்.

"யுத்தத்துல பிளேட் செய்யற அரக்கு கெடைக்கல. புதுசா எதுவும் எடுக்கறதில்ல."

"அப்ப என்னைய விட்டுடுங்க."

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா."

இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் கணவர் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த மாசமே ஆர்மோனியம் வாசிக்க ஒரு நாடகக் கம்பெனியோடு வெளியூர் போய்விட்டார்.

நான் ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகைக்குப் போனேன். கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்தது. கூட உடைத்த பெண்கள் பாடச் சொல்வார்கள். "தொண்ட சரியில்ல" என்பேன். அங்கே பாட எந்தத் தாளும் தடுக்கவில்லை. ஆனாலும் வாய் திறக்க வரவில்லை. வேலை செய்யும் இடத்தில் யாராவது முணுமுணுத்தால்கூட எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அப்படி மூன்று வருஷம்.

ஐந்து வருஷக் கெடு முடிந்ததும் கணவர் திரும்பி வந்து என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். மறுபடி குரல் தேர்வு வைத்தார்கள். மேல் ஸ்தாயி பழையபடி எட்டவில்லை. தேர்வு செய்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பழக்கம் விட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம் கொடுத்தார்கள். என் பெயரிலேயே பாடினேன். கல்யாணங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. மற்ற நாட்களில் முந்திரிக் கொட்டகைக்கே போய் வந்துகொண்டிருந்தேன்.